மழையில் நனையும் மரத்தளம்

மரம் நீரால் வளர்வது. வெட்டுண்டு பலகையான பின்னரோ, அந்நீரே அதற்குப் பகையாகின்றது. இவ்வுண்மை வெளிப்படும் இடங்கள் பல. அவற்றுள், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கானடாவிலும் மரத்தால் மனை கட்டுவோர் ஆண்டுதோறும் எதிர்ப்படும் இடரொன்றை ஈண்டு எடுத்து ஆராய்வோம். கூரை வேயப்படுமுன் தளத்தின்மீது மழை பெய்யின் யாது நேரும்? நனைந்த தளம் கெட்டதோ, பிழைத்ததோ? அதனை அறியும் வழி யாது? எப்பொழுது அதன்மேல் வேறொன்றைப் பரப்பி மூடலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டில் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டுதலே பெருவழக்காதலின், இவ்விடர் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆயினும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நிலையோடு இறுகித் திறக்க மறுக்கும் கதவை அறியாதார் நம்முள் இலர். அக்கதவுக்கு நேர்வதும், கடல் கடந்த அத்தளத்திற்கு நேர்வதும் இயற்கையின் ஒரே விதியால் நிகழ்வனவாம்.

தளம் நனைவது ஏன்?

கூரையிட்ட பின்னர்த் தளம் அமைத்தால் இத்துன்பம் இல்லையே எனச் சிலர் வினவலாம். அந்நாட்டுக் கட்டுமுறை அதற்கு இடந்தருவதில்லை. கடைக்கால் சுவரின்மேல் 16 அங்குலம் அல்லது 24 அங்குல இடைவெளியில் மரச்சட்டங்களை வரிசையாகக் கிடத்துவர். அவற்றின்மேல் 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள பலகைகளைப் பசையிட்டு ஆணியறைந்து பரப்புவர். இதனை நாம் அடிப்பலகைத் தளம் என்போம். இது கண்ணுக்கு இனிய தளமன்று. இதன்மேலேதான் பின்னர் வழவழப்பான மேற்பலகைகளோ, ஓடுகளோ, கம்பளமோ பரப்பப்படும். ஆயின் தச்சருக்கு இதுவே பணிமேடை. சுவர்ச் சட்டங்களை இம்மேடையின்மீது படுக்கவைத்துக் கூட்டி, பின்னர்த் தூக்கி நிறுத்துவர். மாடியுளதாயின் அதற்கும் இவ்வாறே ஒரு மேடை அமைப்பர். கூரை அனைத்திற்கும் இறுதியில் வருவது. ஆதலின், முதலில் அமைந்த தளம் பல வாரங்கள் வானத்தை நோக்கித் திறந்து கிடத்தல் தவிர்க்கவொண்ணாததாகும்.

பசிபிக் கடற்கரையை அடுத்த சியாட்டில், வான்கூவர் முதலிய நகரங்களில் ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையுள்ள காலமே மழை மிகுந்தது. அத்திங்கள்களில் கட்டப்படும் மனை நனையாமல் தப்புதல் அரிது. சுவர்கள் எழுந்த பின்னரோ தீமை மிகுகின்றது. எவ்வாறெனின், சுவரின் அடியிற் கிடக்கும் நீண்ட சட்டங்கள் நாற்புறமும் வரப்புப்போல் நின்று நீரைத் தேக்குகின்றன. 1,000 சதுர அடித் தளத்தின்மேல் 1 அங்குல மழை பெய்யின், வீழும் நீரின் அளவு ஏறக்குறைய 2,360 லிட்டராகும். வடிய வழியின்றேல் இவ்வளவு நீரும் வயலில் நிற்பதுபோல் மரத்தின்மேல் நிற்கும்.

மரமும் நீரும்

மரத்தின் உடல் நுண்ணிய குழல்களின் தொகுதி. அதனுள் நீர் இரு நிலைகளில் உறைகின்றது. குழல்களின் உள்வெளியிற் குடத்து நீர்போல் நிற்பது ஒன்று. குழலின் சுவர்ப்பொருளோடு பிணைந்து நிற்பது மற்றொன்று. முன்னதைக் கட்டற்ற நீர் என்றும், பின்னதைக் கட்டுண்ட நீர் என்றும் கூறலாம். மரம் உலரும்பொழுது கட்டற்ற நீரே முதலில் நீங்கும். அது முற்றும் நீங்கி, குழற்சுவர்கள் மட்டும் நீரால் நிறைந்திருக்கும் நிலையில், மரத்தின் ஈரம் நூற்றுக்கு 28 முதல் 30 பங்காக இருக்கும். ஈரத்தின் அளவு கூறுமிடத்து, முற்றும் உலர்ந்த மரத்தின் எடையோடு அதிலுள்ள நீரின் எடையை ஒப்பிட்டுக் கூறுதல் வழக்கமென்பதை நினைவிற் கொள்க.

இவ்வெல்லைக்கு மேல் எத்துணை நீர் ஏறினும் மரத்தின் பருமன் மாறுவதில்லை, எடையே மிகும். எல்லைக்குக் கீழ் ஈரம் குறையுந்தோறும் மரம் சுருங்கும், மிகுந்தோறும் விரியும். இச்சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒத்து நிகழ்வதன்று. வட அமெரிக்கத் தச்சர் பெரிதும் கையாளும் டக்ளஸ் பர் என்னும் மரம் பச்சை நிலையினின்று முற்றும் உலருங்கால், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் நூற்றுக்கு 7.6 பங்கும், வளையங்களுக்குக் குறுக்கே நடுவினின்று புறம்நோக்கிய திசையில் 4.8 பங்கும் சுருங்குகின்றது. நீளத்திலோ பொதுவாக மரங்கள் சுருங்குவது நூற்றுக்கு 0.1 அல்லது 0.2 பங்கேயாம். திசைக்கொரு நடையாகச் சுருங்குவதாலேயே பலகை முறுக்குண்டும் வளைந்தும் போகின்றது.

மழையன்றிக் காற்றும் மரத்தை ஆளுகின்றது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 ஆயின், வீட்டின் இயல்பான வெப்பத்தில் மரம் ஏறத்தாழ 9 பங்கு ஈரத்தோடு அமைதியுறும்; காற்றின் ஈரப்பதம் 80 ஆயின், மரத்தின் ஈரம் 16 பங்கினை எட்டும். கோடையில் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் தளர்ந்தபோது, அதனைக் குளத்து நீரில் ஊறவைத்து இறுகச்செய்த நம் நாட்டு வண்டிக்காரர் இவ்விதியை ஏடின்றியே அறிந்திருந்தனர்.

பலகையின் வரலாறும் இயல்பும்

முற்காலத்தில் அடிப்பலகைத் தளத்தை அறுத்த மரப்பலகைகளாற் பரப்பினர். அவற்றின் இடையே இருந்த சந்துகளின் வழியே நீர் ஒழுகிவிடும், காற்றும் ஊடாடும். பின்னர் ஒட்டுப்பலகை வந்தது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேலொன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தியதே ஒட்டுப்பலகை. 1905-ஆம் ஆண்டில் ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரில் நிகழ்ந்த பெருங்கண்காட்சியில் டக்ளஸ் பர் மரத்தாற் செய்த ஒட்டுப்பலகை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தொடக்கத்தில் வழங்கிய பசைகள் நீருக்கு ஆற்றாமையால் தகடுகள் நெகிழ்ந்து பிரிந்தன. 1934-இல் நீருக்கு நெகிழாத பசை அமைந்த பின்னரே ஒட்டுப்பலகை கட்டடத் தொழிலில் நிலைபெறலாயிற்று.

அதன்பின் தோன்றியது ஓ.எஸ்.பி. எனப்படும் சீவற்பலகை. திசையொழுங்குபட அடுக்கிய மரச்சீவல்களினின்று பலகை செய்யும் முறைக்கு ஆர்மின் எல்மன்டார்ப் என்பார் 1965-இல் காப்புரிமை பெற்றார். மரச்சீவல்களோடு பசையும் மெழுகும் கலந்து, வெப்பமும் பேரழுத்தமும் கொடுத்து இப்பலகையைச் செய்கின்றனர். விலை குறைந்ததாதலின் இன்று மிகப்பல மனைகளில் இதுவே தளமாகின்றது.

இவ்விருவகைப் பலகைகளும் மழைக்கு வேறுவேறு வகையில் மறுமொழி கூறுகின்றன. ஒட்டுப்பலகை விரைவில் நீரை ஏற்று விரைவில் விடுவது. சீவற்பலகை மெல்ல ஏற்று மெல்ல விடுவது. அதன் விளிம்புகளோ நீரை மிகுதியாக உறிஞ்சுகின்றன. ஆலையில் அழுத்தத்தால் நசுங்கிய சீவல்கள், நீர் புகுந்தவுடன் தம் பழைய பருமனை நாடி எழுகின்றன. இவ்வாறு எழுந்த பகுதி மீண்டும் உலர்ந்தபோதும் முன்னிருந்த அளவிற்கு முழுதும் தாழ்வதில்லை. மரத்தின் இயல்பான விரிவு உலர்ந்தால் நீங்கும். அழுத்தம் நெகிழ்ந்ததால் வந்த பருமனோ நீங்காது. பலகைகள் கூடுமிடங்களில் முதுகெலும்புபோல் வரப்புகள் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

இப்பலகைகளின்மீது ஆலையார் பொறிக்கும் முத்திரையைப் பற்றி ஒரு சொல். தளத்திற்கு வழங்கும் பலகைகளிற் பெரும்பாலன ‘எக்ஸ்போஷர் 1’ என்னும் குறியுடையன. கட்டுமானத்தில் நேரும் காலத்தாழ்வினால் வரும் நனைவைப் பசை தாங்கும் என்பதே அதன் பொருள். நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடக்கத்தக்கது என்பது அதன் பொருளன்று. அதற்கு ‘எக்ஸ்டீரியர்’ என்னும் வேறு குறி உண்டு. ‘நனைவதற்கென்றே செய்த பலகை இது, அஞ்சற்க’ என்று கூறும் ஒப்பந்தக்காரர் பாதி உண்மையே பகர்கின்றார். ‘ஒரு நாள் மழையில் நனைந்தது, தளம் ஒழிந்தது’ என்று கலங்கும் வீட்டுடையாரும் அவ்வாறே பாதி உண்மையைப் பற்றி நிற்கின்றார். பசை பிரியாதிருத்தல் ஒன்று. பலகை வீங்காதிருத்தல் மற்றொன்று. பூஞ்சணம் பற்றாதிருத்தல் பிறிதொன்று. முத்திரை முதலாவதைக் குறித்தே உறுதி கூறுகின்றது.

விளையும் கேடுகள்

முதற்கேடு விளிம்பு வீங்குதல். இது கண்ணுக்குத் தெரிவது. உலர்ந்த பின்னர் இழைத்துச் சமன் செய்யத்தக்கது. இதனால் மனை வீழ்ந்துவிடுவதில்லை.

இரண்டாவது பூஞ்சணம். கரிய அல்லது பசிய புள்ளிகளாக மரத்தின் மேற்பரப்பிற் படர்வது இது. பூஞ்சணம் மரத்தின் வலிமையைக் குறைப்பதில்லை. ஆயின் அதன் நுண்வித்துக்கள் காற்றிற் கலந்து மூச்சு நோயுடையாரை வருத்தும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிடின் பெரும்பாலும் பூஞ்சணம் பற்றாதென அமெரிக்கச் சுற்றுச்சூழற் பாதுகாப்பு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. கூரையில்லா மனையில் அவ்வளவு விரைவில் உலர்த்துதல் எளிதன்று. ஆதலின், புள்ளி கண்டவிடத்துத் துடைத்தும் இழைத்தும் நீக்கி, மரத்தை உலர்த்திய பின்னரே மேற்செல்லுதல் வேண்டும்.

மூன்றாவது மரம் இற்றுப்போதல். இதனை விளைப்பது வேறொருவகைக் காளான். அது மரத்தின் உடற்பொருளையே உணவாக உண்பது. உணவு, காற்று, ஏறத்தாழ 10 முதல் 35 பாகை சென்டிகிரேட் வரையுள்ள வெப்பம், நீர் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். முதல் மூன்றும் எம்மனையிலும் உள்ளன. மனிதன் விலக்கத்தக்கது நீர் ஒன்றே. குழற்சுவர் நிறைவெல்லையாகிய 28 அல்லது 30 பங்கினை ஒட்டியும் கடந்தும் ஈரம் நீடித்தால் இக்காளான் தொழிற்படும். நூற்றுக்கு 20 பங்கிற்குக் கீழ் ஈரமுள்ள மரத்தை அது பற்றுவதில்லை. மரத்தின் நடுவிலுள்ள காழ் சில மரங்களில் இக்காளானை எதிர்த்து நிற்கும். புறத்தேயுள்ள வெளிறோ எம்மரத்ததாயினும் எதிர்க்கும் ஆற்றலற்றது. காழும் வெளிறும் கலந்தே இன்றைய பலகைகள் செய்யப்படுதலின், பலகையின் இயல்பான உரத்தை நம்பியிருத்தல் ஆகாது. ஆயினும் ஒன்றறிக: இற்றுப்போதல் ஓரிரு நாள் மழையால் நேர்வதன்று, ஈரம் வாரக்கணக்கிலும் திங்கட்கணக்கிலும் நீங்காது நிற்பதால் நேர்வது.

நான்காவது, குடியேறிய பின்னர்த் தோன்றும் குறைகள். நனைந்த சட்டங்கள் வீட்டின் வெப்பத்தால் உலர்ந்து சுருங்குகின்றன. ஈரம் 4 பங்கு குறையுந்தோறும் மரத்தின் அகலம் நூற்றுக்கு 1 பங்கு குறையுமெனத் தச்சர் கணக்கிடுவர். ஒன்பதேகால் அங்குல உயரமுள்ள சட்டம் 19 பங்கு ஈரத்தினின்று 10 பங்கிற்கு உலரின், அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தாழும். ஆணியோ தாழ்வதில்லை. ஆதலின் பலகைக்கும் சட்டத்திற்கும் இடையே வெளியுண்டாகி, நடக்குந்தோறும் தளம் கிறீச்சிடுகின்றது. அன்றியும், ஈரமான அடிப்பலகையின்மேல் உலர்ந்த மேற்பலகையைப் பரப்பினால், மேற்பலகையின் அடிப்புறம் ஈரத்தை ஏற்று விரிய, மேற்புறம் விரியாது நிற்கும். விளிம்புகள் மேலெழுந்து, ஒவ்வொரு பலகையும் கிண்ணம்போற் குழியும். விலையுயர்ந்த தளம் ஓராண்டிற்குள் இவ்வாறு பாழ்படுதல் உண்டு.

காக்கும் முறைகள்

மழைக்கு முன் செய்யத்தக்கன சில. பலகைகளைத் தரையிற் கிடத்தாது கட்டைகளின்மேல் அடுக்கி, பக்கங்களிற் காற்றோட்டம் அமையுமாறு மேலே படுதா இட்டு மூடுக. பரப்புங்கால் பலகைக்கும் பலகைக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு இடைவெளி விடுக; விரியும் பலகைக்கு இடமில்லையாயின் அது மேல்நோக்கிப் புடைக்கும். நாவும் காடியுமாகப் பொருந்தும் பலகைகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. கூரைச்சட்டங்கள் வந்துசேரும் நாளை முன்னரே உறுதிசெய்து, அதற்கேற்பத் தளப்பணியைத் தொடங்குதலும் நன்று. தளம் திறந்து கிடக்கும் நாட்களைக் குறைத்தலினும் சிறந்த காப்பு வேறில்லை.

மழை பெய்யுங்காலை செய்யத்தக்கது நீரைத் தேங்கவிடாமையே. துடைப்பத்தாலும் தள்ளுகட்டையாலும் நாள்தோறும் நீரைப் புறந்தள்ளுக. வாயில்களுக்கு நேரேயுள்ள அடிச்சட்டங்களை அறுத்து நீருக்கு வழிவிடுக. தாழ்ந்த இடங்களிற் பலகையிற் சிறு துளைகள் இட்டு நீரை வடித்தலும் தச்சர் கையாளும் வழக்கமே. மரத்தூளும் குப்பையும் ஈரத்தைப் பற்றிநிற்குமாதலின் அவற்றை உடனுக்குடன் வாரிவிடுக.

கூரை அமைந்த பின்னர் உலர்த்தும் பணி தொடங்கும். காற்றாடிகளும், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொறிகளும் இதற்கு உதவுவன. இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. வெப்பத்தால் விரைந்துலர்த்த எண்ணிச் சிலர் புகைபோக்கியில்லாத புரோபேன் அடுப்புகளை மனையினுள் மூட்டுகின்றனர். ஒரு கிலோகிராம் புரோபேன் எரியுங்கால் ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நீராவி பிறக்கின்றது. கதவடைத்து இவ்வடுப்பை எரிப்பது, ஒரு கையால் துடைத்து மறுகையால் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். தளத்தின் கீழ் வெற்று மண்ணாயின், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பை இடுதல் வேண்டும்; இன்றேல் மண்ணின் ஈரம் மேலெழுந்து அடிப்புறத்தை நனைத்துக்கொண்டேயிருக்கும்.

உலர்ந்ததோ எனக் கையால் தடவிப் பார்த்தல் போதாது. மேற்பரப்பு முதலில் உலரும். உள்ளும் விளிம்பும் பிற்படும். இரண்டு ஊசிகளை மரத்திற் செருகி, அவற்றிடையே மின்சாரம் எத்துணைத் தடைப்படுகின்றதென்பதைக் கொண்டு ஈரத்தைக் காட்டும் சிறு கருவி உண்டு. மரத்தின் வகையும், வெப்பமும், பலகையிற் கலந்த பசையும் அதன் கணக்கைச் சிறிது மாற்றுமாதலின், ஓரிடத்தில் மட்டும் அளவாமல் பல இடங்களில் அளந்து குறித்துவைத்தல் வேண்டும். பலகைகளின் கூட்டு, சுவரின் அடிச்சட்டம், மாடிப்படியின் கீழ், குளியலறையின் மூலை, வெயில் புகாத பக்கம் ஆகியனவே அளக்கவேண்டிய முதன்மையான இடங்கள். சட்டங்கள் நூற்றுக்கு 19 பங்கினைக் கடவாதிருக்கும்பொழுதே சுவரையும் அடிப்புறத்தையும் மூடலாம். மரத்தாலான மேற்பலகை பரப்புவதாயின் அடிப்பலகை 12 பங்கிற்கு மேற்படலாகாதென்பதும், இரண்டிற்குமிடையே ஈர வேறுபாடு, 3 அங்குலத்திற்குக் குறைந்த அகலமுள்ள மேற்பலகைக்கு 4 பங்கினையும், அதனின் அகன்றதற்கு 2 பங்கினையும் கடவாதிருத்தல் வேண்டுமென்பதும் அந்நாட்டுத் தளத்தொழிலார் விதி. உலர்ந்த பின்னரே வீங்கிய விளிம்புகளை உப்புத்தாள் பொறியாற் சமன் செய்க. ஈரத்தோடு தேய்த்தால் உலர்ந்தபின் அவ்விடம் பள்ளமாதலும் கூடும். மிதிக்குமிடத்து நெகிழும் பலகையையும், அடுக்கடுக்காகப் பிரிந்த பலகையையும், ஊசி குத்தின் எளிதிற் புகும் பலகையையும் அறுத்தெடுத்துப் புதிது இடுதலே தக்கது.

மூடுதலே முடிவு செய்வது

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை பெறப்படும். மழை தனியே மனையைக் கெடுப்பது அரிது. மழைநீரை உள்ளிட்டு மூடுதலே கெடுப்பது. நனைந்து திறந்து கிடக்கும் மரம் காற்றோடு வழக்காடித் தன் ஈரத்தை விட்டொழிக்கும். நனைந்து மூடுண்ட மரமோ வழியற்று நிற்கும். கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1980-களிலும் 1990-களிலும் கட்டப்பெற்ற அடுக்குமாடி மனைகள் பலவற்றின் சுவர்களுக்குள் மழைநீர் புகுந்து, வெளியேற வழியின்றி, உள்ளிருந்த மரத்தை இறச்செய்தது. 1998-இல் டேவிட் பாரட் என்பாரின் தலைமையில் அரசினர் விசாரணை நிகழ்த்த நேரிட்டது. சேமித்த பொருளெல்லாம் கொடுத்து மனை வாங்கிய குடும்பங்கள் பெருங்கடனுக்கு ஆளாயின. அங்கே நீர் புகுந்தது கட்டி முடிந்த சுவரில். நாம் பேசுவதோ கட்டிக்கொண்டிருக்கும் தளத்தை. எனினும், உட்புகுந்த நீர் வெளியேறவேண்டும் என்னும் பாடம் இரண்டிற்கும் பொது.

இப்பாடம் எளிது, கைக்கொள்ளுதல் அரிது. கடனுக்கு வட்டி நாள்தோறும் ஏறுகின்றது. ஒப்பந்தக்காரருக்கு அடுத்த மனை காத்திருக்கின்றது. வீட்டுடையார் குடியேறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கின்றார். இவர் மூவரும் விரைய, மரம் ஒன்றே விரைவதில்லை. உலர்தற்கு விடும் இரண்டு வாரத்தின் செலவைக் கணக்கிடுவோர், பரப்பிய தளத்தைப் பெயர்த்தெடுத்து மீண்டும் பரப்பும் செலவையும் உடன் கணக்கிடுவாராக. அச்செலவு பெரும்பாலும் விரைந்தவர் தலையில் விழாது, பின்னர் வந்து குடியிருப்பவர் தலையிலேயே விழுகின்றது. ஆதலின் அளந்து பார்த்து மூடுதல் தொழில்திறம் மட்டுமன்று. முன்பின் அறியாத ஒருவருக்குச் செய்யும் நேர்மையுமாகும்.